எழுத்தை மறைத்த விமானமும் உதைத்துத் தள்ளிய ஏணியும் குறித்து

என் பெயரையும் விலாசத்தையும் தனித் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் பல பேர் கைக்குப் போகும் என்பதால் இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஆய்வாளரும் சரி என்றார். வயது ஐம்பத்திரண்டு. தொழில் பல் மருத்துவம். திருமணம் ஆகவில்லை, அதையும் குறித்தாக வேண்டும் என்று எழுத்தர் சொல்வதால் சொல்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வது என்னவென்றால், விமானத் திடல் வேலியோரம் கண்ணாடிக் கடைக்காரர் நின்றிருந்த ஏணியை உதைத்தது நான்தான். என் தங்கை அந்த இடத்திலேயே இல்லை, அவளை இதில் இழுக்க வேண்டாம்.

என் தங்கை போன வருடம் அவள் கணவரை விட்டு என்னிடம் வந்துவிட்டாள். அவளுடைய முன்பல் இரண்டும் நான் வைத்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக என்னிடம் சொன்னாள். தினமும் பத்துப் பேர் வாய்க்குள் பார்க்கிறவளிடம் வந்து இந்தக் கதையா? நான் ஒன்றும் கேட்காமல் பல்லை வைத்தேன். அதன் பிறகு இரண்டு பேரும் ஊர் மாறி, போன் நம்பரை மாற்றி, நான் இங்கே புதிதாக மருத்துவமனை திறந்தேன். அந்த மனிதர் அவள் பக்கத்தில் வரக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவும் வாங்கியிருக்கிறோம். ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்கு நிஜமான காவல்.

எல்லாவற்றையும் மாற்றினோம், விமானத்தை மாற்ற முடியவில்லை. எங்கள் அப்பா விட்டுப்போன, நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் அது. ஓட்டுவது நான். வாலில் பதிவெழுத்து இருக்கும், கார் நம்பர் மாதிரி. அந்த எழுத்து தங்கை கணவருக்கு மனப்பாடம். விற்றுத் தொலைக்கலாம் என்று சொன்னேன், தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலே போனால்தான் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். மேலே யாரும் வந்து கதவைத் தட்ட முடியாதே.

எனவே விமானம் தரையில் நிற்கும் நேரமெல்லாம் எழுத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்தேன். பறக்கும்போது எழுத்து தெரிய வேண்டும் என்பது சட்டம், அதனால் கிளம்பும் முன் உரித்துவிடுவேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விமானத் திடலின் வேலிக்கு வெளியே பொதுச்சாலையில் ஏழெட்டுப் பேர் கேமராவோடு நிற்பது வழக்கம். வருகிற போகிற விமானத்தையெல்லாம் படம் எடுத்து இணையத்தில் போடுவார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தேன், அப்படி இல்லை, பஸ் டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் உண்டு. வேலி உயரம் என்பதால் அவர்களில் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் மடக்கு ஏணி கொண்டுவந்து அதில் ஏறி நிற்பார். தங்கை அவருக்கு 'ஏணி சார்' என்று பெயர் வைத்திருந்தாள். டேப் ஒட்டுவதற்கு முன்னால் எங்கள் விமானத்தை அவர்கள் சீந்தியதுகூட இல்லை. எழுத்தை மூடியதும் மொத்தக் கூட்டமும் எங்கள் விமானக் கொட்டகைப் பக்கத்து வேலியோரம் வந்து நின்றது. மூடியிருந்தால் திறக்கும் நேரத்தைப் பிடிப்பதில்தான் அவர்களுக்குப் போட்டியாம். அது எனக்கு எங்கே தெரியும்!

சம்பவ நாளன்று நான் டேப்பை உரிக்கப் போனபோது ஏணி மேலிருந்து கேமரா திரும்புவதைப் பார்த்துத் தங்கை கொட்டகைக்குள் ஓடிவிட்டாள். அதன் பிறகு நான் வேலிக்கு வெளியே போய் "யோவ், இறங்குய்யா கீழே!" என்று கத்தினேன். அவர் இறங்காமல், ஆனால் மரியாதையாக, "மேடம், நாங்க ஆளுங்களை எடுக்கறதில்ல. தப்பித் தவறி விழுந்தாலும் முகத்தை அழிச்சிட்டுத்தான் போடுவோம். வேணும்னா நீங்களே பாருங்க" என்று குனிந்து தன் போனைக் கொடுத்தார். முந்தின வாரம் எடுத்து இணையத்தில் போட்ட இரண்டு படம் பக்கம் பக்கமாக இருந்தது. ஒன்றில் டேப்போடு வால், இன்னொன்றில் நான் டேப்பை உரித்து நிற்கிறேன். என் முகத்தையும் தங்கை முகத்தையும் பனி படிந்த மாதிரி அழித்திருந்தார். எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. "எவ்வளவு பேர் பார்த்திருக்காங்க பாருங்க" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதன் பிறகு ஏணியின் காலை உதைத்தேன். எழுத்தர் இங்கே 'கோபத்தில்' என்று எழுதியிருந்தார். 'பயத்தில்' என்று மாற்றச் சொன்னேன்.

அவர் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது, கேமரா உடைந்தது. நானே என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், தங்கை பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வழியில் அவர் "அப்படி என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். தங்கைதான் எல்லாவற்றையும் சொன்னாள், பல் விழுந்த நிஜக் கதை உட்பட. நானும் அன்றைக்குத்தான் அதை முழுசாகக் கேட்டேன்.

அவர் இடது கையால் போனை எடுத்தார். அதன் பிறகு, அந்தப் படத்தைப் பார்த்து யாரோ ஒருவர் செய்தி அனுப்பியிருந்ததாகச் சொல்லிக் காட்டினார். 'தும்பி நல்லா இருக்கே, எந்தத் திடல், என்றைக்குப் பறக்கும், கூட நிற்பது யார்' என்று இருந்தது. அந்த விமானத்துக்குத் தும்பி என்று அப்பா வைத்த பெயர் எதிலும் எழுதியதில்லை, வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரியும். தங்கை "அக்கா, வண்டியை நிறுத்து" என்று இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தாள். கடைக்காரர் திடலையும் கிழமையையும் பதிலாக எழுதியிருந்தார். "எங்களுக்குள்ள யார் கேட்டாலும் சொல்லிடறதுதாம்மா வழக்கம்" என்று அழுதுவிட்டார். என் மேல் புகார் கொடுத்தது பஸ் டிரைவர். இவர் இன்றுவரை கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, தங்கை கணவர் வந்தால் எழுத்து கண்ணில் படக்கூடாதென்று விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, நானும் தங்கையும் உள்ளேயே இருந்தோம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கடைக்காரர் கையில் மாவுக்கட்டோடு வேலியோரம் நின்றார். தங்கை கணவர் காரில் வந்து இறங்கி, புதுக் கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போனார். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது, வந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தங்கை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைக்காரர் "தும்பியா சார்? அதை வித்தாச்சே!" என்றது எங்களுக்கே கேட்டது. அதன் பிறகு அவரை விடவில்லை. எஞ்சின் எத்தனை வகை, சக்கரம் எத்தனை வகை, மழை நாளில் படம் எடுப்பது எப்படி என்று ஆரம்பித்து அறுத்துத் தள்ளிவிட்டார். வந்தவர் ஆளை விட்டால் போதும் என்று காரை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, தங்கைக்கு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்காரர் கொட்டகைக்கு வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல் கதவுக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

"டாக்டரம்மா, ஆள் போயாச்சு. உங்களைக் கேட்காம ஒரு படம் எடுத்துட்டேன், மன்னிக்கணும். கார் நம்பர் தெளிவா இருக்கு. இவர் முகத்தை மட்டும் நான் அழிக்கப்போறதில்ல."

அந்தப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். இடது கையால் போனில் எடுத்ததால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நீதிமன்ற உத்தரவை அவர் மீறினார் என்பதற்கு எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். ஏணியை உதைத்ததற்கு எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஆனால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. விமானத்தை விற்றாச்சு என்று கடைக்காரர் சொன்னது மட்டும் பொய், அதற்கு அவர் மேல் நடவடிக்கை வேண்டாம்.

(ஒப்பம்)
பல் மருத்துவர். பெயர் உறைக்குள் உள்ளது.