தீவனச் செயலிக்கு மெயில் வராத விவகாரம்

— “எருமப்பட்டி வட்டாரக் கோழிப்பண்ணைப் பெருமக்களுக்கு, தீவனக் கலவைக் கணக்கு என்னும் செயலியை ஆக்கி அளித்த செங்கோடனாகிய நான் மிகுந்த மனவேதனையோடு அறிவித்துக்கொள்வது யாதெனில்…” எழுதீட்டயா மது?

— எழுதறேனுங்க மாமா. மனவேதனை வரைக்கும் வந்துட்டேன்.

— “தங்கள் புகார்கள் என் மெயிலுக்கு வராமல் போனதற்கு, புரோகிராமை வைத்திருக்கும் அந்த சைட்டின் அலட்சியமே முழுமுதற் காரணம்.” முழுமுதற்காரணத்துக்கு அடிக்கோடு போடு. நாளைக்குச் சங்கக் கூட்டத்துல நின்னு படிக்கோணும். அந்தக் குழந்தைவேல் வாட்ஸப் குரூப்புல என்ன போட்டிருக்கான் தெரியுமா? ‘சைட்டுல புகார் எழுதி எழுதிப் பாத்தோம், செங்கோடண்ணன் வாயே தொறக்கல’ங்கறான். எனக்கு மெயிலு வந்தாத்தான தெரியும்? நம்ம பண்ணைக்கும் இதே கணக்குலதான தீவனம் கலக்கறோம்.

— ஏனுங்க, மெயிலு வர்லீன்னா நீங்களே ஒருக்கா சைட்டுக்குள்ள போயிப் பாத்தா என்னவாமா?

— ஸ்ரீதேவி, நீ காப்பிய வெச்சுட்டுப் போ. ஆக்கினவன் போயி எட்டிப் பாக்கப்படாது. குறை இருந்தா அதுதான் நம்மளத் தேடி வரோணும்.

— எங்கண்ணன் புள்ளைய நாமகிரிப்பேட்டைலிருந்து வரச்சொல்லி உக்கார வெச்சிருக்கறீங்களே, அதுவும் தானாத் தேடி வந்துச்சா?

— அத்தை, விடுங்க. மாமா, அறிக்கைய அப்பறம் எழுதிக்கலாங்க. மொதல்ல மெயிலு ஏன் வர்லைன்னு பாத்தர்லாம். நாளைக்கு ஆராச்சும் எந்திரிச்சுக் கேட்டாப் பதில் வேணுமல்லங்க.

— பாரு, நல்லாப் பாரு. தப்பு அங்கதான் இருக்கும்.

— சைட்டுல உங்க அட்ரஸ் செரியாத்தான் இருக்குதுங்க. மெயில் அனுப்பச் சொல்லி டிக்கும் இருக்குது. அவங்க அனுப்பிட்டுத்தான் இருக்கறாங்க.

— அப்பறம் எங்க போச்சாம்?

— ஸ்பாம்ல இல்லீங்க. இருங்க… குப்பைல கெடக்குதுங்க மாமா. ஒம்போது மெயில். ஒரு மாசத்துக்கு முந்தினதெல்லாம் தானா அழிஞ்சிருக்கும்.

— குப்பைல ஆரு போட்டா?

— நீங்கதானுங்க. இந்த அட்ரஸ்லிருந்து எது வந்தாலும் நேரா குப்பைக்குன்னு ஒரு ரூல் போட்டு வெச்சிருக்கறீங்க.

— ரூலா? நானா? … செரி, அதெ அழிச்சுப் போட்டு மூடு மது. இருந்தது தெரிஞ்சுபோச்சல்ல.

— இது சைட்டோட அட்ரஸுங்க. ஆரு புகார் எழுதினாலும் சைட்டு இந்த ஒரே அட்ரஸ்லிருந்துதான் அனுப்பும். மேல பேரு மட்டும் எழுதினவங்க பேரா வரும்.

— எல்லாத்துக்கும் ஒரே அட்ரஸா?

— ஆமாங்க. ஆரோ ஒருத்தர் மெயிலு வேண்டாம்னு நீங்க அடைச்ச கதவு, அத்தன பேருக்கும் அடைஞ்சுபோச்சு.

— ஆருங்க அந்த ஒருத்தரு?

— ஸ்ரீதேவி, உள்ள பால் பொங்குது பாரு.

— அடுப்ப அப்பவே அணைச்சாச்சு. ஆருங்க?

— நாந்தானுங்க அத்தை. ரூல் போட்ட தேதி இங்க இருக்குது. அதுக்கு முந்தின நாள்தான் நான் சைட்டுல எழுதினேன். ‘மாமா, உப்பு ரெண்டு தடவ கூடுது, ஒண்ண எடுத்துருங்க’ன்னு.

— அதெ நீ போன்ல சொல்லியிருக்கலாமல்ல மது? ஊரே பாக்கற எடத்துல எழுதிப்போட்ட. அதுக்குக் கீழ மூணு பேரு கட்டைவெரலத் தூக்கிக் காட்டறாங்க. எனக்குச் சோறே எறங்கல. உம் பேரு கண்ணுல படாம இருந்தாப் போதும்னு… பேருக்குக் கீழ இருந்தது உன்ர அட்ரஸுன்னு நெனச்சுட்டேன்.

— எழுதறதுக்கு முன்னாடி மூணு தடவ கூப்பிட்டேனுங்க மாமா.

— … ஆமா. பாத்தேன். எடுக்கல.

— அந்த ஒம்போதுல என்னதான் எழுதியிருக்குது சாமி? படி, கேப்போம்.

— குழந்தைவேலண்ணன் எழுதியிருக்கறாரு, அத்தை. ‘கோழி தண்ணியாக் குடிக்குது, தண்ணியாக் கழியுது. ஷெட்டு ஈரம் காயறதே இல்ல. உப்பப் பாருங்கண்ணா.’ சின்னுசாமியண்ணன், ‘முட்ட கொறஞ்சுபோச்சுங்க. ஒரு வார்த்த பதில் சொல்லுங்க.’ அப்பறம் அவரே மறுக்கா, ‘கோவமாங்கண்ணா?’

— போதும் மது. படிக்காத.

— செரிங்க.

— அந்த அறிக்கையக் கிழிச்சுரு. நாளைக்குக் கூட்டத்துல நானே எந்திரிச்சு நிக்கறேன். சைட்டு மேல தப்பில்ல, ஒரு புள்ள தப்பச் சொன்னது பொறுக்காம காதப் பொத்திக்கிட்டவன் நான்னு சொல்லிப்போடறேன். எவன் சிரிச்சாலும் செரி. இன்னிக்கே புரோகிராமுல அந்த வரியத் திருத்தோணும். நாப்பது பண்ணை என்னைய நம்பி ஓடுது.

— அதுக்கு அவசியமில்லீங்க மாமா.

— தடுக்காத மது. ஆக்கினவன்தான் பொறுப்பேத்துக்கோணும்.

— தடுக்கலீங்க. உங்க புரோகிராமுக்கு ஒரு நகல் எடுத்து, உப்பத் திருத்தி, மூணு வாரத்துக்கு முன்னாடியே குழந்தைவேலண்ணங்கிட்டக் குடுத்துட்டேன். உங்களக் கேட்டும் எழுதினேன், அதும் குப்பைலதான் இருக்குது. வந்ததுலிருந்து சொல்லோணும்னுதான் இருந்தேன், சங்கடமா இருந்துச்சு. நாப்பது பண்ணையும் இப்ப அதுலதான் ஓடுதுங்க.

— ஏனுங்க, அப்ப இன்னும் கழிஞ்சிட்டிருக்கறது நம்ம கோழி மட்டுந்தான்.