மெத்துனு நகர்ந்த கட்டி

நார்பர்ட்: ...முப்பது வருஷ அனுபவம் டாக்டர். மனுஷ உடம்பு என் விரல்கிட்ட எதையும் மறைச்சதே இல்ல.

டாக்டர் ஹால்வர்சன்: நீங்க... கால் டாக்டர்தானே?

நார்பர்ட்: காலும் உடம்புதான்.

டோலோரஸ்: ஆணிக்கால்னா என் தம்பியை அடிச்சுக்க மில்வாக்கியில ஆள் கிடையாது டாக்டர்.

நார்பர்ட்: அக்கா, நீ சும்மா இரு.

டாக்டர் ஹால்வர்சன்: டோலோரஸ், உங்க தலைக்கட்டியில ஊசி குத்தி சாம்பிள் எடுத்தோமே, ரிசல்ட் வந்திடுச்சு. அது கொழுப்பு இல்ல. உள்ள தைராய்டு அணுக்கள் இருக்கு.

டோலோரஸ்: தைராய்டு கழுத்துல இல்ல இருக்கும்?

டாக்டர் ஹால்வர்சன்: கழுத்துலதான் ஆரம்பிச்சிருக்கு. புற்றுநோய். ரத்தத்தோட போய் மண்டை ஓட்டுல உக்காந்திருக்கு.

நார்பர்ட்: இருக்கவே இருக்காது! ரெண்டு வருஷம் முன்னாடி நானே பார்த்தேன். வெறும் கொழுப்புக் கட்டி, விட்டுடுன்னு—

டோலோரஸ்: விட்டுட்டேன். வீட்டுல எல்லாரும் போய்க் காட்டு, காட்டுன்னாங்க. என் தம்பியே பார்த்துட்டான்னு அவங்க வாயை அடைச்சேன்.

டாக்டர் ஹால்வர்சன்: அதைத்தான் கேக்க வந்தேன். அப்பத் தொட்டப்போ எப்படி இருந்துச்சு? எலும்போட ஒட்டியிருந்துச்சா, நகர்ந்துச்சா?

நார்பர்ட்: அது... மெத்துனு... நல்லா நகர்ந்துச்சு.

டாக்டர் ஹால்வர்சன்: நிச்சயமா?

நார்பர்ட்: அந்த உணர்வு இன்னும் விரல்லயே நிக்குது.

டாக்டர் ஹால்வர்சன்: அப்போ ரெண்டே வருஷத்துல எலும்பை இவ்வளவு அரிச்சிருக்கு. வேகமான ரகம். ஆபரேஷனோட கடுமையான மருந்தும் சேர்த்தே ஆரம்பிக்கணும். அப்பவே ஒட்டியிருந்தா மெதுவானது, ஆபரேஷனுக்கு அப்புறம் கதிரியக்க அயோடின் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

டோலோரஸ்: கடுமையானதுன்னா?

டாக்டர் ஹால்வர்சன்: உங்க வயசுக்குத் தாங்கறது கஷ்டம்.

டோலோரஸ்: டேய் நார்பர்ட்... சொல்லிடேன்.

நார்பர்ட்: என்னத்தச் சொல்ல?

டோலோரஸ்: நான் சொல்லட்டுமா?

நார்பர்ட்: அக்கா... வேணாம்.

டாக்டர் ஹால்வர்சன்: நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

டோலோரஸ்: ...இவன் தொடவே இல்ல டாக்டர். டிவியில ஃபுட்பால் ஓடிட்டிருந்துச்சு. கையை நீட்டினான். விரலெல்லாம் கோழி இறக்கை சாஸ். நான்தான் தட்டிவிட்டேன். அன்னைக்குக் காலையிலதான் பார்லர்ல முடி செட் பண்ணியிருந்தேன்.