வாசலில் இன்று யார்?

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே! அக்காவிடம் தேநீரும் திட்டும் சேர்த்து வாங்கிய என் தோழர்களே! எங்கள் நத்தை விளையாட்டுக்கு லெவல்களாக, புதுப் புதுப் பாதைகளாகக் கட்டி அனுப்பி, அவர் முகத்தை ஒரு முறைகூடப் பாராமல், இன்று அவருக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கும் ஆட்டக்காரர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். அக்காவின் நினைவாக இன்று அலுவலகத்துக்கே விடுமுறை அறிவித்த தலைவர் அவர்களுக்கு நன்றி. சொன்னபடி போன்களை அணைத்து வைத்திருக்கும் உங்களுக்கும் நன்றி.

பேசத் தெரியாதவனைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நான் புரோகிராம் எழுதுகிறவன். போனில் ஒருவர் கட்டிய லெவல் கம்ப்யூட்டரிலும் டிவியிலும் அப்படியே ஓட வேண்டும் என்றால், அதை மாற்றித் தருவது என் வேலை. மாற்றியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து வெளியே விடுவது அக்காவின் வேலை. அதனால்தான் அவரை வாசலக்கா என்றோம். சொந்தப் பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது.

வாசலக்கா என்ன செய்தார்? நத்தை வீடு திரும்ப எங்கோ ஒருவர் புதுப் பாதை ஒன்றைக் கட்டி அனுப்புவார். அக்கா அதைப் போனில் ஆடி முடிப்பார். கம்ப்யூட்டரில் ஆடி முடிப்பார். பிறகு அந்தப் பழைய சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து டிவியில் ஆடி முடிப்பார். மூன்றிலும் நத்தை வீடு சேர்ந்தால்தான் வாசல் திறக்கும். திறந்ததும் ஆட்டக்காரர்களின் போனில் சின்னதாக ஒரு மணி அடிக்கும். அந்த மணிக்குப் பின்னால் ஒரு மனுஷியின் மூன்று மடங்கு உழைப்பு இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர் கட்டிய பாதையில், போனில் பளிச்சென்று தெரிந்த வீடு டிவியில் திரைக்கு வெளியே போய்விட்டது. நானாக இருந்தால் நிராகரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். அக்கா அவரைப் போனில் கூப்பிட்டார். "அண்ணே, உங்க நத்தைக்கு வீடே இல்லண்ணே! சவாரிய முடிச்சுட்டு வந்து வீட்டைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைங்க. நான் இங்கதான் இருப்பேன்." இருந்தார்! அந்த அண்ணன் இதோ, கதவோரம் நின்றுகொண்டிருக்கிறார்.

இந்தப் பொறுமையை எந்தக் கடையில் போய் வாங்குவது? "வீட்டுக் குழம்புல உப்பு பாக்க மறந்துடுவா. நத்தை எங்க விழுந்துச்சுன்னு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவா" என்று அவர் கணவர் எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அக்கா விடுப்பே எடுத்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. சரியில்லை என்று வாசலில் நிறுத்தி வைத்த ஒரு லெவலை மறுநாள் மாலைக்குள் யாராவது மறுபடி நிறுத்த வேண்டும். யாரும் தொடாவிட்டால் அது தானாகத் திறந்துகொள்ளும். ஆட்டக்காரர்களைக் காக்க வைக்கக் கூடாது என்று நிறுவனம் வைத்த விதி அது. "நான் ஒரு நாள் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அக்கா கேட்டார். "நீங்க வராத நாள்னு ஒண்ணு இருக்கா அக்கா?" என்று எல்லோரும் சிரித்தோம்.

இப்போது நான் அந்தக் கப்பல்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் ஒரு தகப்பன். கரையில் மனைவியும் சின்ன மகளும். அவர் கடலில் இருந்தபடி போனில் லெவல் கட்டுவார், மகள் வீட்டில் டிவியில் ஆடுவாள். அந்த வீட்டில் அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அடையாளமே அந்த மணிதான். கடைசியாக அவர் அனுப்பியது கப்பலின் உள்நடை. நீளமாக, இரு பக்கமும் பூட்டிய அறைகள், மேலே வரிசையாக விளக்குகள். போனில் அந்த விளக்குகள் லேசாக மினுக்கும், பார்க்க அழகாகவே இருக்கும். டிவி படங்களை வேகமாகக் காட்டும். அங்கே அதே விளக்குகள் வெட்டி வெட்டி அடித்தன.

எங்கள் ஒலி அமைப்பாளர் அதைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, அந்த வெளக்கு நல்லால்ல. பாத்துட்டு எழுந்தா செவுரு நகருது. நீ பாக்காத." அழித்துவிடலாமே என்றேன். "அழிச்சா அவர் போன்லேர்ந்தும் போயிடும். நடுக்கடல்ல இருக்கார், கேக்கவும் முடியல. அந்தப் புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நான் நிறுத்தி வெக்கிறேன், நீ சரி பண்ணு."

தினமும் நிறுத்தினார். நான் மாற்றி எழுத எழுத, சரியாகிவிட்டதா என்று தினமும் அதை டிவியில் போட்டும் பார்த்தார். எங்களை விடவில்லை, அவரே பார்த்தார்.

போன வாரம் ஒரு மதியம், சோபாவில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடையின் பாதியில் நத்தை நின்றுகொண்டிருந்தது. விளக்குகள் அடித்துக்கொண்டே இருந்தன, அக்காவின் முகத்திலும் அடித்தன. டாக்டர் இதயம் என்றார். இருக்கலாம். நான் டாக்டர் அல்ல. ஆனால் அந்த டிவியை டாக்டர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அணைக்கப் போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அன்றிலிருந்து ஆளுக்கொரு நாள் வாசலில் உட்கார்ந்து அந்த லெவலை நிறுத்தி வருகிறோம். நேற்று அந்தக் குழந்தை, அம்மா போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "மாமா, அப்பா லெவல் இன்னும் வரலையா? டிவி முன்னாடியே உக்காந்திருக்கேன்." வந்துடும் கண்ணு என்றேன். வேறு என்ன சொல்வேன்?

அவையோரே! அக்காவுக்கு நாம் செய்யும் மரியாதை எது? இந்தப் படமா? இந்த விளக்கா? இல்லை! அவர் விட்ட இடத்தில் நாம் உட்கார வேண்டும்! இனி எந்த லெவலும் மனிதக் கண் படாமல் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையாது! வாசல் ஒரு நாளும் ஆளில்லாமல் இருக்காது என்று வாசலக்காவின் முன்னால் உறுதி...

ஒரு நிமிஷம்.

இன்று வாசலில் யார்? நேற்று மாலை ஓவியர் இருந்து நிறுத்தினார். இதோ, மறுபடி மாலையாகிவிட்டது. இன்று? ஒலி அமைப்பாளர் அண்ணே, நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். ஓவியர், நீங்களும் இங்கே. தலைவர் மேடையில். நான் மைக்கில். ஐயா, விடுமுறை விட்டீர்களே, மேலே ஆபீஸில் யாராவது இருக்கிறார்களா? கதவைப் பூட்டிவிட்டீர்களா? சாவி எங்கே?

யாரும் எழுந்து நிற்க வேண்டாம், மௌன அஞ்சலி வேண்டாம்! அண்ணே, சாவியை வாங்கிக்கொண்டு மேலே ஓடுங்கள், முதலில் அந்தக் கப்பல் லெவலை நிறுத்துங்கள்...

கதவோரம் அது என்ன சத்தம்? டாக்ஸிக்கார அண்ணே, உங்க போனா? அணைக்கலையா நீங்க? அது... அது நம்ம மணிதானே?

ஐயோ. வழி விடுங்க. இல்ல, இருங்க, அந்த அம்மா நம்பர் எங்கிட்டதான் இருக்கு. பேசாதீங்க, யாரும் பேசாதீங்க. ரிங் போகுது.

எடும்மா. டிவிய அணைக்கணும்மா, எடு.

ரிங் போகுது. எடும்மா.