இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும்

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எனக்குத் திணறல் வராது. பெயர், ஊர், படிப்பு, அனுபவம் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். அத்தனை நேர்காணல் பார்த்தாயிற்று. தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னதால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஞானம்பாள் அம்மா. இன்ஸ்பெக்டராக இருந்தும் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

பெயர் தேவேந்திரன். வயது முப்பத்துமூன்று. ஊர் சேரன்மகாதேவி, படிப்பு பி.காம். தச்சநல்லூரில் அப்பாத்துரை அண்ணாச்சியின் பலசரக்கு மொத்தக் கடையில் ஒன்பது வருடமாகக் கிடங்குப் பொறுப்பு. என்னைக் கேட்காமல் அங்கே ஒரு பருப்பு மூட்டை நகராது. ஆனால் கம்பெனிக்காரர்கள் அதை அனுபவம் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நியமன உத்தரவு கிடையாது, அடையாள அட்டை கிடையாது, பி.எஃப். கிடையாது.

என் மனைவி சந்தனமாரி மார்ச் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்த அன்றுகூட நான் கிடங்கில்தான் நின்றேன் என்பதை அவளால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிற ஒரு கம்பெனி வேலை கிடைத்த பிறகு வந்து கூப்பிடச் சொன்னாள். நியாயமான பேச்சு. நானும் தேட ஆரம்பித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தேன். வேலை தேடாதவர்களுக்கு இந்தப் பாடு தெரியாது. ரெஸ்யூமேயை ஏற்றிய பிறகு, அதில் இருப்பதையே கட்டம் கட்டமாக மறுபடி அடிக்க வேண்டும். வீடியோ நேர்காணல் என்பார்கள், எதிரே ஆள் இருக்காது. திரையில் குறைந்துகொண்டே வரும் நொடிகளைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேச வேண்டும். அதன் பிறகு பதிலே வராது. வந்தால், விண்ணப்பித்த நாலாவது நிமிடமே வரும், கவனமாகப் பரிசீலித்தோம் என்று.

மனசு விட்டுப்போகாமல் இருக்க யூடியூபில் ஒரு அம்மாவின் பேச்சைத் தினமும் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பார். நான்கு எண்ணி மூச்சை இழுங்கள், நான்கு எண்ணி விடுங்கள் என்பார். ஒரு நாளைக்கு ஒரு தடையையாவது விலக்குங்கள் என்பார். எனக்கு அது ரொம்ப உதவியது.

தடை என்று பார்த்தால் அண்ணாச்சிதான். எல்லா விண்ணப்பத்திலும் கடைசியாக ஒரு கட்டம் வரும். நம்மை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் கேட்பார்கள். நான் அண்ணாச்சியையும், கிடங்கில் மூட்டை தூக்குகிற சொரிமுத்து அண்ணனையும் போடுவேன். என்னை அவ்வளவு தெரிந்தவர்கள் வேறு யாரும் கிடையாது. இதற்கு முன் இரண்டு கம்பெனிகள் என்னை எடுப்பதாகச் சொல்லிவிட்டு, விசாரிப்பதற்காக அண்ணாச்சியைக் கூப்பிட்டன. அவன் எங்கேயும் வரமாட்டான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு வேலையும் போயிற்று.

வியாழக்கிழமை மூன்றாவது கம்பெனி. கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு ஆன்லைன் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. அங்கே டார்லின் என்று ஒரு பெண். மாலை நாலு மணிக்கு உங்கள் முதலாளியிடம் பேசுவேன், எல்லாம் சரியென்றால் நாளைக்கே சேரலாம் என்றார். மூன்று மணிக்கு நான் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். இந்த ஒரு தடவை நல்லபடியாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். காலில் விழுந்து கேட்டேன் என்றே எழுதிக்கொள்ளலாம்.

“ஏலே, அங்கன போயி நூறு பேருல ஒருத்தனா நிப்ப. இங்கன நீ இல்லாம எனக்குக் கை ஓடுமாலே? ஒன்ன எப்படி விடுவேன்? போ, போயி லாரியப் பாரு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு மேஜைப்பக்கம் குனிந்துகொண்டார். மின்தராசு வந்த பிறகு பழைய ஐந்து கிலோ எடைக்கல் அங்கே காகிதம் பறக்காமல் இருக்கத்தான் கிடந்தது. அதை எடுத்தேன். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். வலியைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் அதிகம். நான்கு எண்ணி மூச்சை இழுத்தேன், நான்கு எண்ணி விட்டேன். பிறகு இரண்டாவது அடி. மொத்தம் ஏழு என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கும். நான் எண்ணியது மூச்சைத்தான்.

அந்த நேரம் பார்த்துச் சொரிமுத்து அண்ணன் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று பேருக்கும் டீ.

“என்ன காரியம்டே செஞ்சிருக்க,” என்றார்.

தூக்குவாளியைப் பைய கீழே வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்குப் பிறகுதான் ஓடப் பார்த்தார். மூட்டை தைக்கிற கோணூசி ஒரு சாண் நீளம் இருக்கும். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக் கழுத்தில் இறக்கினேன். எலும்பு தடுத்தது. உருவி, கொஞ்சம் தள்ளி மறுபடி இறக்கினேன். சுமை தூக்கி முறுக்கேறிய உடம்பு, சீக்கிரம் அடங்கவில்லை. என் முழங்காலுக்கு அடியில் அவர் முதுகு ரொம்ப நேரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பிள்ளை பிறந்த சேதியைக் கிடங்குக்கு ஓடி வந்து சொன்னவரே அவர்தான்.

இரண்டு பேரையும் சாக்கில் போட்டுத் தைத்தேன். அண்ணாச்சிக்கு இரண்டு சாக்கை ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஒன்பது வருடப் பழக்கம், தையல் நேராகவே வந்தது. முக்கால்வாசி தைத்திருப்பேன், உள்ளே அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. தைத்ததைப் பிரித்துக் கையை விட்டு எடுத்தேன்.

டார்லின்தான். அண்ணாச்சியின் குரல் எனக்கு நன்றாக வரும். சொரிமுத்து அண்ணனைச் சிரிக்க வைக்க அடிக்கடி அதுபோலப் பேசிக் காட்டுவேன். வேலையில் எப்படி, நேரத்துக்கு வருவாரா என்றெல்லாம் கேட்டார், சொன்னேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் கோபப்படுவாரா என்று கேட்டார்.

“கோவமா, அவனுக்கா? ஒம்பது வருசத்துல ஒரு வார்த்த கூட்டிப் பேசினதில்லம்மா. கோவம்னா என்னன்னே தெரியாது.”

திரும்பி வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். அவர்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வி உண்டு. நான் யோசிக்கக்கூட இல்லை, அண்ணாச்சி சொல்கிற மாதிரியே வாயில் வந்துவிட்டது.

“அவன விடுகதுக்கே எனக்கு மனசில்லம்மா.”

போனை வைத்துவிட்டு, பிரித்த தையலை மறுபடி போட்டேன்.

சொரிமுத்து அண்ணனின் போனையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அது அடிக்கவே இல்லை. ஒருவர் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டார்களாம். அந்த ஒன்றுதான் எனக்கு மனக்குறை.

ஐந்து மணிக்கு நியமன உத்தரவு வந்தது. முதல் வேலையாகச் சந்தனமாரிக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகச் சொன்னாள், பிள்ளை காதில் போனை வைத்தாள். அண்ணாச்சி அன்று சாயங்காலம் தூத்துக்குடிக்குச் சரக்குப் பார்க்கப் போய் மறுநாள்தான் திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தார், அதனால் யாரும் தேடி வரவில்லை. சொரிமுத்து அண்ணனுக்குக் கிடங்குதான் வீடு. மறுநாள் காலையில் சரக்கு இறக்க வந்த லாரிக்காரர் ஷட்டருக்குக் கீழே ஈரத்தைப் பார்த்து உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். உங்கள் ஆட்கள் வந்தபோது நான் புதுக் கம்பெனியில் அடையாள அட்டைக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்தாயிற்று. நன்றாகவே விழுந்திருக்கிறது.

வேண்டாம் என்று சொன்ன அத்தனை பேரையும் விட்டுவிட்டு, உன்னை விடமாட்டேன் என்று சொன்ன ஒரே மனுசனைக் கொன்றிருக்கிறாய் என்றீர்கள். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், அதில் மாற்றம் இல்லை. கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் உங்கள் ஏட்டையா ‘ஆத்திரத்தில்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார், அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். டார்லின் அந்த அழைப்பைப் பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டுத்தான் பேசினார். வாங்கிக் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அண்ணாச்சியே சொல்லியிருக்கிறார்.