லம்யாய்த் தோப்பில் ஒரு பண்பாட்டு வகுப்பு

“பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.”

எந்த வாடிக்கையாளரிடமும் இப்படிக் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி ஜியாப் அக்கா சொல்லியிருந்தார். நகல் போதும். அசலைக் கையில் வைத்துக்கொள்வது குற்றம். அன்று அவர் சொன்ன இன்னொரு விதி, அலுவலகப் பூனைக்கு மீன் தலை போடக் கூடாது என்பது. அதை நான் இன்றுவரை மீறியதில்லை.

எங்கள் அலுவலகம் தாய்லாந்தின் சியாங் மாயில், பழைய கோட்டை அகழி ஓரம். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்தே லாப்டாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு நீண்டநாள் விசா வாங்கித் தருகிறோம். வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இந்த விசா அடுத்த வருடம் இருக்குமா? ஒரு வாரம் நாட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வரும். மறு வாரம் அப்படி எதுவும் இல்லை என்று வரும். உண்மையான பதில் ‘தெரியாது’.

“தெரியாதுன்னு மட்டும் வாயத் தொறக்காதடி தோய்” என்றார் ஜியாப் அக்கா. தோய் என் பெயர். “தெரியாதுன்னு சொல்ற கடைக்கு எவன் வருவான்? அதுக்கு அவன் வீட்லயே உக்காந்து தெரியாம இருந்துக்கலாமே.”

நியாயம்தான். அதனால் நான் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் சின்னதாகச் செய்தேன். புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று ஒருவரிடம் சொன்னேன். அந்த வாரமே ஊரில் உள்ள வெள்ளைக்காரர்கள் எல்லோரும் முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நின்றார்கள். பக்கத்துத் தெரு ஏஜென்ட், காது தெரியாத படத்தையும் தன்னால் உள்ளே தள்ள முடியும் என்று சொல்லிக் கூடுதலாக வாங்கினான். அப்புறம் ஒரு நாள், விசா ஆபீஸ் கவுன்டரில் இருந்தவரே எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் படத்தைத் திருப்பித் தந்து, “காது எங்க?” என்று கேட்டுவிட்டார். விதி எப்படிப் பிறக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித் தரவில்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் யாரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் லம்பூனிலிருந்து அப்பா கூப்பிட்டார். எங்களுக்கு அங்கே லம்யாய்ப் பழத்தோப்பு. லிச்சி போலக் கொத்துக் கொத்தாகக் காய்த்து, ஒரே சமயத்தில் பழுத்து, பறிக்காவிட்டால் ஒரே சமயத்தில் கொட்டிப் போகிற பழம்.

“பறிக்க ஆளில்லம்மா. எல்லாம் கட்டட வேலைக்குப் போயிடுச்சு.”

“என்ன கட்டடம்?”

“லாப்டாப்காரங்களுக்கு வீடு கட்றாங்களாம். நீச்சல் குளத்தோட. நம்ம தோப்பையும் கேட்டு தரகன் வந்து உக்காந்திருக்கான். போன வருஷ விளைச்சலும் மண்ணுக்குத்தான் போச்சு. இந்த வருஷமும் விழுந்துச்சுன்னா குடுத்துட வேண்டியதுதான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. கோபக்காரி என்று ஜியாப் அக்கா ஊரெல்லாம் சொல்வார். அது தவறு. நான் யோசிக்கிறவள்.

இந்த விசாவில் ஒரு வழி உண்டு. குத்துச்சண்டை பழகுகிறேன், சமையல் கற்கிறேன் என்று ஒரு பள்ளியின் கடிதம் இருந்தால் போதும். நம் பண்பாட்டின் மேல் ஆசை வைத்தவர்களை நாடு வரவேற்கிறது. ஆறு மாதம் ஒருவன் மணல் மூட்டையை உதைப்பது பண்பாடு என்றால், மூங்கில் ஏணியில் ஏறிப் பழம் பறிப்பது என்ன?

டெக்லனிடம் முதலில் சொன்னேன். அயர்லாந்துக்காரன். எதற்கும் சிரிக்கிறவன்.

“குத்துச்சண்டைக் கடிதம் இனிமே செல்லாதுன்னு பேச்சு அடிபடுது” என்றேன்.

“ஐயையோ. யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான் பயமா இருக்கு.”

அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. லம்பூனில் ஒரு விவசாயப் பண்பாட்டு வகுப்பு இருப்பதையும், இடம் குறைவு என்பதையும், வகுப்பு முடியும்வரை அசல் பாஸ்போர்ட் பள்ளியிடம் இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஒரு சிவப்பு வாடகை வண்டி நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. வகுப்புக் கட்டணமும் வாங்கினேன். இலவசம் என்றால் சந்தேகப்படுவார்கள்.

பாஸ்போர்ட்டுகளை வீட்டு அரிசிப் பானையில் போட்டு வைத்தேன். ஈரம் படாது.

விடியும் முன்னே எழுப்பிவிடுவேன். ஏணி நிலை, கொத்து நிலை, கூடை நிலை என்று படிகள் வைத்தேன். ஏறுவது, ஒடிப்பது, சுமப்பது. முசுறு எறும்பு கடித்தால் அது இயற்கை அறிமுகம். வெயில் சாய்ந்ததும் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து லாப்டாப்பைத் திறப்பார்கள். அவர்கள் முதலாளிகளுக்கு அப்போதுதான் பொழுது விடியும். எப்போது தூங்கினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் வயிறு நிறையக் கொடுத்தோம்.

அப்பாவுக்குத்தான் உறுத்தியது. “இவங்களுக்குக் கூலி என்னம்மா?”

“கூலி குடுத்தா சட்டவிரோதம்ப்பா. இந்த விசாவுல இங்க வேலை செய்யக் கூடாது.”

“அப்ப செய்யறாங்களே?”

“படிக்கறாங்க.”

அப்பா கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பட்டதாரிப் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்.

டெக்லன் ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “ஏணி நிலை பாஸா தோய்?” பாஸ் என்றேன். எவ்வளவு சந்தோஷப்பட்டான் தெரியுமா. மனிதர்களுக்கு நிச்சயமாக ஏதாவது ஒன்று வேண்டும். அதை நான் கொடுத்தேன்.

யோரிஸ் விஷயமும் அப்படித்தான். ஹாலந்துக்காரன், அதிகம் பேசமாட்டான், கூடை நிலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. அவனுடைய அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பாஸ்போர்ட்டைக் கேட்டான்.

“தாராளமா போங்க. ஆனா வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களான்னு தெரியாது. விதி மாறிட்டே இருக்கு” என்றேன்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி மரத்தில் ஏறினான். அந்த வாரக் கடைசியில் அப்பாவின் அடக்கத்தை போனில் பார்த்தான். வெயிலில் திரை தெரியவில்லை என்று நான்தான் குடை பிடித்தேன். அன்று மதியம் அவனுக்கு விடுமுறையும் கொடுத்தேன். வேறு யாருக்கும் நான் விடுமுறை கொடுத்ததில்லை.

பழம் முழுவதும் லாரி ஏறியது. தரகன் நாற்காலியை விட்டு எழுந்து போனான். மறுநாள் யோரிஸ் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நேரே தொழிலாளர் துறைக்குப் போய், “என்னை வேலை வாங்கினார்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அப்படி எழுதினால் தன் விசாவும் போகும் என்று தெரிந்தே எழுதினான். மற்றவர்களின் பாஸ்போர்ட்டுகள் அப்போதும் அரிசிப் பானையில்தான் இருந்தன. சான்றிதழோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

தொழிலாளர் துறையிலிருந்து விசாரிக்க வந்த விபாதா மேடம் ஜியாப் அக்கா அறையிலேயே உட்கார்ந்தார். மற்ற மாணவர்கள் வெளி பெஞ்சில். அவர்களை முன்னாலேயே கேட்டாயிற்று. எல்லோரும் ஒரே குரலில் வகுப்பு என்று சொல்லியிருந்தார்கள். வேலை என்று சொன்னால் விசா போய்விடுமே.

“நீயும் வகுப்புன்னே சொல்லிடுடி” என்று ஜியாப் அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். “மேடம் கேக்கறதுக்கு ‘ஆமா’ன்னு தலைய ஆட்டு. பழத்த வித்தாச்சு, அப்பா தோப்பு தப்பிச்சுது, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்.”

மேடமும் நல்லவர். பேனாவை மூடியே வைத்திருந்தார். “எனக்கும் அதான் தோணுது. அந்த ஒருத்தர் துக்கத்துல ஏதோ எழுதிட்டார். இவங்கெல்லாம் விருந்தாளிங்க. வேலைக்காரங்க இல்ல. சரிதானேம்மா?”

விருந்தாளிகள்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அம்மா ஒரு குளிர்நாட்டுக்குக் காட்டுப்பழம் பறிக்கப் போனார். அங்கேயும் ஏஜென்ட்தான் பாஸ்போர்ட்டை வைத்திருந்தான். கூலி கேட்டபோது அவர்களும் இதையேதான் சொன்னார்களாம்: நீங்கள் வேலைக்காரர்கள் இல்லை, விருந்தாளிகள். என் பட்டமளிப்புப் படத்தில் அம்மா கைகளைப் பின்னால் வைத்திருப்பார். நகமெல்லாம் நீலம் பாய்ந்த பழக்கறை, கடைசிவரை போகவில்லை. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேட்டதால் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

“வகுப்பு இல்ல மேடம்” என்றேன். “வேலை. எல்லாரும் வேலை செஞ்சாங்க. நான் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனேன், பாஸ்போர்ட்டப் புடிச்சு வெச்சேன், கூலி குடுக்கல. எழுதிக்கோங்க.”

ஜியாப் அக்கா நாற்காலியில் சரிந்தார். “பாவி, நீ மட்டுமா போற? வெளிய உக்காந்திருக்காங்களே, அத்தனை பேர் விசாவும் போகும்டி.”

“தெரியும்” என்றேன். அந்த அலுவலகத்தில் நான் உண்மையாகவே தெரிந்து சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

பாஸ்போர்ட் பையை மேசைமேல் வைத்தேன். ஒன்றிரண்டு அரிசி உதிர்ந்தது. கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார் மேடம். எங்கே போவேன், எனக்கு எந்த நாட்டு விசாவும் இல்லை.

வெளியே வந்ததும் பெஞ்சே எழுந்து நின்றது. டெக்லன் கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கப்போட்டபடி முன்னால் வந்தான்.

“எல்லாம் சரியாயிடுச்சா தோய்? சான்றிதழ் எப்ப வரும்?”

“நாளைக்கு” என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அவர்கள் கைதட்டுகிற சத்தம் தெருவரை கேட்டது. அவர்களை ஏமாற்ற எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.