பெஞ்சுக்கு அடியில்

நடராஜன்: “புதுசா கட்டுற இந்த நாப்பது வீட்டுப் பிள்ளைங்களும் வந்தா எங்க உக்காருவாங்க, சார்?”... ரெண்டாம் வகுப்புல கேட்டது யாரு தெரியுமா பாய்? உங்க மக ஷரீஃபா.

முகைதீன்: நீங்க என்ன சொன்னீங்க?

நடராஜன்: வீடு கட்டுறது உங்க வாப்பாதானே, அவரையே கேளுன்னேன்.

முகைதீன்: அதான் மூணு நாளா சோத்துல கை வைக்க விடல. நீங்க செய்த வேலையா வாத்தியாரே...

நடராஜன்: இப்பவே பாதிப் பேரு வராந்தாவுல. மழை பேஞ்சா நனையுதுங்க. ஜனவரியில வர்ற பிள்ளைங்கள நான் திருப்பித்தான் அனுப்பணும்.

முகைதீன்: அதுக்குத்தான் இந்த மனுவா?

நடராஜன்: ஆமா. வீடு கட்டி விக்கிறவங்க வீட்டுக்கு இருபது வெள்ளி பள்ளிக்கூடத்துக்குக் கட்டணும். நாளைக்கு முனிசிபல் கூட்டத்துல கொடுக்கணும். மொதக் கையெழுத்து உங்களுது.

முகைதீன்: கையெழுத்து எதுக்கு? பலகை, ஓடு... வேண்டியத அனுப்புறேன். பேரு மட்டும் வேணாம்.

நடராஜன்: போன நோன்பு மாசம் பன்னெண்டு பெஞ்சு வந்து எறங்குச்சே, அது மாதிரியா?

முகைதீன்: அது... யாரோ குடுத்திருப்பாங்க.

நடராஜன்: யாரோதான்.

முகைதீன்: வலது கை குடுக்கிறது இடது கைக்குத் தெரியக்கூடாது, வாத்தியாரே.

நடராஜன்: நல்ல வார்த்தை. ஆனா செமாபோக்குல வீடு கட்டுற ஜெயபாலன் என்ன சொல்றாரு தெரியுமா? “முகைதீன் பாயே ஒரு காசு குடுக்கல, நான் ஏன் குடுக்கணும்?”

முகைதீன்: அப்படியா சொன்னாரு...

நடராஜன்: சீன முதலாளி செங் தவுக்கேயும் அதையேதான் சொல்றாரு.

முகைதீன்: நான் மட்டும் கட்டினா என் வீட்டு விலை கூடுமே. வாங்க வர்றவன் ஜெயபாலன்கிட்ட போயிடுவான்.

நடராஜன்: அதான் எல்லாரும் கட்டணும்ங்கிறோம். தர்மத்த ஒளிச்சுச் செய்ங்க, பாய். இது தர்மம் இல்ல. வீடு கட்டினா கால்வா வெட்டித்தானே ஆகணும், அது மாதிரி.

முகைதீன்: ...பேனா இருக்கா?

நடராஜன்: இந்தாங்க. இங்க போடுங்க.

முகைதீன்: போட்டாச்சு. இனிமே ஷரீஃபா சோறு திங்க விடுவா. அது சரி... பெஞ்சு விஷயம் உங்களுக்கு எப்படி...

நடராஜன்: உங்க தச்சருங்க வீட்டுக்கு வச்சிருந்த பலகையிலயே அடிச்சிட்டாங்க. திருப்பிப் பாத்தா, அடியில சிவப்புச் சாயத்துல “பதினேழாம் வீடு, சமையக்கட்டு”.

முகைதீன்: அல்லாஹ்... பள்ளிக்கூடமே பாத்திருக்குமே.

நடராஜன்: ஒருத்தரும் பாக்கல. ஞாயித்துக்கிழமை நான் தனியாப் போயி, மணல்தாள் போட்டுப் பன்னெண்டையும் தேச்சு எழுத்த அழிச்சிட்டேன்.

முகைதீன்: ஒரு நாள் பூராவா? உங்களுக்கு எதுக்கு அந்தப் பாடு?

நடராஜன்: ஜப்பான்காரன் காலத்துல, மூணு மாசம் என் வீட்டு வாசல்ல யாரோ மரவள்ளிக்கிழங்கு வச்சிட்டுப் போனாங்க, பாய். சாக்குல அப்ப நீங்க வச்சிருந்த கடையோட முத்திரை இருந்துச்சு.