நாலாவது வயர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சுவரில் யாரும் சாய வேண்டாம்... சொன்னால் கேளுங்கள். இது எங்கேயோ காதில் விழுந்த கதை இல்லை. நம்ம சிநேகிதனுடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது.

மத்தியானம் மூன்று மணி. பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? கடைசி பஸ் நிறுத்தத்தைத் தாண்டி ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் கல் நட்ட காலி மனைகள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரே ஒரு மாடி வீடு. அதைப் பார்த்து அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

வீடுகளில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது அவன் வேலை. சட்டைப் பையில் எப்போதும் வயர் முனையில் மாட்டுகிற கேபிள் கிளிப் ஒரு பிடி கிடக்கும். அதனால் பேரே கிளிப். கெட்டிக்காரன். ஒரே ஒரு பிடிவாதம்... எங்கே போகிறது என்று தெரியாத வயரை மட்டும் விட்டுவைக்க மாட்டான். வெட்டிவிட்டுத்தான் மறுவேலை.

அது அவன் தங்கை வீடு. கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளைக்கு இது இரண்டாந்தாரம். மூத்தவள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள்.

“வாங்க மச்சான். மாடியில என்னோட கம்ப்யூட்டர், கீழ உங்க தங்கச்சியோடது. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுக்கவே மாட்டேங்குது. நீங்கதான் பார்க்கணும்.”

தங்கை தண்ணீர் கொண்டுவந்தாள். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை.

“என்னம்மா, இந்த வேக்காட்டுல முழுக்கை?”

“சும்மாதாண்ணா.”

அவனும் சும்மாதான் என்று விட்டுவிட்டான். இந்த இடத்தில்தான் எனக்கு அவன் மேல் பற்றிக்கொண்டு வரும்.

முதல் வேலையாகத் தங்கையின் கம்ப்யூட்டரை அணைத்தான். தன் லேப்டாப்பிலிருந்து அதன் முகவரியைக் கூப்பிட்டான். ‘இருக்கியா?’ என்று கேட்டால் ‘இருக்கேன்’ என்று பதில் வரும், அவ்வளவுதான். அணைத்த கம்ப்யூட்டர் பதில் சொல்லக் கூடாது.

சொன்னது. ‘இருக்கேன்’... ‘இருக்கேன்’... ‘இருக்கேன்’...

அதே முகவரியில் வேறு எதுவோ உட்கார்ந்திருக்கிறது. ஒரே முகவரிக்கு இரண்டு பேர் வந்தால் ஒன்று மற்றதை வெளியே தள்ளும். கோளாறு அதுதான்.

“வீட்டுல மூணாவதா ஒரு கம்ப்யூட்டர் இருக்கா மாப்பிள்ளை?”

“இல்லையே,” என்றார். உதடு மட்டும்தான் அசைந்தது.

மாடிப்படிக்குக் கீழே இணைப்புப் பெட்டி. நாலு வயர். ஒன்று வெளியிலிருந்து வருகிறது, ஒன்று மாடிக்கு, ஒன்று தங்கை அறைக்கு. நாலாவது... சுவருக்குள் போயிற்று.

வயர் தேடும் கருவியைச் சுவரில் வைத்து நகர்த்தினான். உள்ளே வயர் ஓடும் இடமெல்லாம் அது கத்தும். கீ... கீ... கீ... சுவரோடு போய், சமையலறைக்குள் திரும்பி, தரைக்கு இறங்கியது. அங்கே நாலு டைல்ஸ் மட்டும் வேறு நிறம். கருவி விடாமல் அலறியது. ஈர சிமென்ட் வாடை. அதற்கடியில் துருப்பிடித்த இரும்பு வாடை.

தங்கை அவன் காதோரம் வந்தாள். “அண்ணா, அதை விட்டுடு. அது இருக்கறதாலதான் நான்...”

மாப்பிள்ளை வாசலில் நின்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று பெட்டிக்குத் திரும்பினான். கட்டரை எடுத்தான்.

நறுக்.

வெட்டிய முனையிலிருந்து ஏதோ சொட்டியது. சுவரில் ஓதம் போலிருக்கிறது என்று பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். ஓதம் சூடாக இருந்தது... அதைக்கூட அவன் யோசிக்கவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. தங்கையின் கம்ப்யூட்டரைப் போட்டான். மாடியும் கீழும் கச்சிதமாகச் சேர்ந்துகொண்டன.

மாப்பிள்ளை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். “நான் எத்தனையோ தடவை வெட்டப் பார்த்தேன் மச்சான். எனக்கு மட்டும் ஷாக் அடிக்கும். இனிமே நிம்மதி.”

தங்கையிடம் கேட்க நினைத்ததை மறந்தே கிளம்பிவிட்டான். பஸ் நிறுத்தம் வந்து சேர்ந்தபோது கைபேசி துடித்தது. வேலை பார்த்த வீட்டில் இணைப்பு அறுந்தால் அவனுக்குத் தகவல் வரும். தங்கையின் கம்ப்யூட்டர் இணைப்பு விழுந்தது. எழுந்தது. விழுந்தது. எழுந்தது...

அந்தக் கம்ப்யூட்டர் வயரின் முனையில் கிளிப்பை மாட்டியது அவன் கை. தானாக ஆடாது. மேசை மேல் எதையாவது ஓங்கி மோதினால் ஆடும்.

எதை?

முழுக்கைச் சட்டை நினைவுக்கு வந்தது. அவள் முடிக்காமல் விட்டதும் சேர்ந்துகொண்டது. அது இருக்கறதாலதான் நான்... உயிரோட இருக்கேன்.

ஓடினான்.

வாசல் கதவை உதைத்துத் திறந்தான். தங்கை அறை உள்பக்கம் தாழ். “அண்ணா!” என்று ஒரே ஒரு தடவை. அப்புறம் அவள் குரல் இல்லை, அடி விழும் சத்தம் மட்டும். தோளால் மூன்று தடவை மோதினான். எலும்புதான் விட்டது, கதவு விடவில்லை.

அப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே பார்த்தான். வெட்டிப்போட்ட இரண்டு முனைகள்.

ஒரு வயருக்குள் எட்டு இழை. ஒவ்வொன்றையும் பல்லால் உரித்தான். உதடு கிழிந்தது. பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம்... ஒவ்வொன்றாக முறுக்கினான். உள்ளே அடி விழுந்துகொண்டே இருந்தது. எட்டாவது இழை சேர்ந்ததும் பெட்டியில் நாலாவது வயருக்கான விளக்கு எரிந்தது.

எல்லாம் நின்றது.

தொம்.

இப்போது கத்தியது ஆண் குரல். தொம். மன்னிச்சிடு என்று அலறினார். தொம். ஒரு பெண்ணின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சினார்... அது தங்கையின் பேர் இல்லை. கிளிப் அசையாமல் எண்ணினான். பதினேழு.

தாழ்ப்பாள் தானாக விலகியது.

மேசைக்கடியில் தங்கை. வாயெல்லாம் ரத்தம், ஆனால் மூச்சு இருந்தது. எதிர்ச் சுவரோரம் அவர் கிடந்தார். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. சுவரில் கூரை வரைக்கும் தெறித்திருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

போலீஸ் வந்து அந்த நாலு டைல்ஸையும் பெயர்த்தது. கீழே மூத்தவள். மண்டையோட்டைப் பார்த்த டாக்டர் பதினேழு அடி என்று எழுதினார்.

தங்கை இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். அவனும் அதே தொழில்தான். தெரியாத வயரைக் கண்டால் கும்பிட்டுவிட்டு விலகிவிடுகிறான்.

நாலாவது வயர் எங்கே போய் முடிந்தது என்று கேட்கிறீர்களா? குழிக்குள் கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. எலும்பு விரல்கள் எட்டில் எட்டு இழைகளும் சுற்றியிருந்தன. இரண்டு வருஷத்துக்கு மேல் ஈர மண்ணில் கிடந்த செம்பு பச்சை பூத்திருக்க வேண்டும் இல்லையா?

பளபளவென்று இருந்தது... அப்போதுதான் யாரோ பல்லால் உரித்தது போல.